தாத்தாவின் பெட்டியில் இருந்த பெயர் தெரியாத கருவி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் தாத்தா தச்சு வேலை செய்தவர். மன்னார்குடி பக்கத்தில் அவர் இருந்த ஓட்டு வீட்டைப் பிரிப்பதற்கு முன்னால் பரணைக் காலி செய்தோம். அப்போது அவருடைய மரப்பெட்டி இறங்கியது. உளி, இழைப்புளி, மூலமட்டம், கொட்டாப்புளி என்று எல்லாவற்றுக்கும் வீட்டில் யாராவது ஒருவருக்குப் பெயர் தெரிந்திருந்தது. ஒன்றுக்கு மட்டும் தெரியவில்லை. இடுக்கி மாதிரி இருந்தது, ஆனால் அதை வைத்து எதையும் இடுக்க முடியவில்லை. அது என்னவென்று தெரிந்துகொள்ள எனக்கு ஏறக்குறைய இரண்டு மாதம் பிடித்தது. அதிலிருந்து சொந்தக்காரர்களும் தெரிந்தவர்களும் தங்கள் வீட்டுப் பழைய சாமான்களைப் படம் பிடித்து அனுப்பிக் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். முதல் பாதி அந்த ஒரு கருவியைப் பற்றியது. மீதி, பெயர் தெரியாத வேறு எந்தப் பழைய கருவிக்கும் உதவும்.

அந்தக் கருவி பார்க்க எப்படி இருக்கும்?

கையடக்கமாக இருக்கும். ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான நீளம், ஆனால் அளவுக்கு மீறிய கனம். இரண்டு கைப்பிடிகள், நடுவில் ஸ்பிரிங். விட்டால் தானாக விரிந்துகொள்ளும். தலைப்பக்கம் பற்றிப் பிடிக்கிற வாய் இல்லை, ஒரு இடைவெளிதான். இடைவெளியின் ஒரு பக்கம் காசு மாதிரி ஒரு எஃகு வட்டு. அதன் விளிம்பில் 4, 5, 6 என்று 12 வரை எண்கள். வட்டைத் தளர்த்தித் திருப்ப ஒரு திருகு. மறுபக்கம், கைப்பிடியை அழுத்தினால் முன்னால் வந்து வட்டின் விளிம்பை முட்டும் ஒரு சின்னத் தண்டு. தண்டின் முனை தீக்குச்சித் தலை அளவுதான். பக்கவாட்டில் எக்லிப்ஸ் என்ற பெயரும் 77 என்ற எண்ணும் மேட் இன் இங்கிலாந்து என்பதும் இருந்தன.

சரி, அது என்ன?

ரம்பத்தின் பல்லைச் சாய்க்கும் கருவி. ஆங்கிலப் பெயர் சா செட். பட்டறையில் 'ரம்பத்துக்கு செட் வைக்கிறது' என்று சொல்வார்களே, அந்த வேலைக்கானது. எக்லிப்ஸ் என்பது இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரத்தில் ஜேம்ஸ் நீல் கம்பெனி செய்த கருவிகளின் வணிகப் பெயர், 77 அதன் மாடல் எண். ஷெஃபீல்ட் எஃகுக்குப் பேர்போன ஊர். அங்கிருந்து கப்பலில் வந்த உளியும் அரமும் ரம்பமும் நம் ஊர் ஆசாரிகளின் பெட்டிகளில் இன்னமும் கிடக்கின்றன.

இதை யாராலும் ஊகிக்க முடியாததற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு கருவியைக் கையில் எடுத்ததும் 'இதை வைத்து எதைச் செய்வார்கள்?' என்றுதான் யோசிக்கிறோம். இந்தக் கருவியால் எந்தப் பொருளும் செய்ய முடியாது. மரத்தை இது தொடுவதே இல்லை. இன்னொரு கருவியைப் பராமரிக்க மட்டுமே பிறந்தது இது. ரம்பம் பக்கத்தில் இல்லாவிட்டால் இதற்கு அர்த்தமே கிடையாது. எங்கள் விஷயத்தில் ரம்பங்களை யாரோ எப்போதோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், பெட்டியில் இது மட்டும் தங்கிவிட்டது.

நேராக இருக்கிற பல்லை எதற்காகச் சாய்க்க வேண்டும்?

கைரம்பத்தின் தகடு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தடிப்பு. பல்லும் அதே தடிப்பில் நேராக இருந்தால், அறுக்கிற தடமும் அதே அகலத்தில்தான் விழும். இரண்டு அங்குலம் உள்ளே போவதற்குள் தகட்டின் இரண்டு பக்கமும் மரத்தில் உரசத் தொடங்கும். மரத்தூளுக்கு வெளியே வர வழி இருக்காது. ரம்பம் சூடேறி, இறுகி, அப்படியே நின்றுவிடும். அதற்காகத்தான் ஒரு பல்லை இடப்பக்கம், அடுத்ததை வலப்பக்கம் என்று மாற்றி மாற்றி மயிரிழை அளவு சாய்க்கிறார்கள். தடம் தகட்டைவிடக் கொஞ்சம் அகலமாக விழும், தகடு தாராளமாக ஓடும்.

எவ்வளவு சாய்ப்பது என்பதில்தான் கைப்பக்குவம். பச்சை மரத்துக்கும் ஈர மரத்துக்கும் அதிகம் வேண்டும், ஏனென்றால் நார் வெட்டுப்படாமல் பிசிறிக்கொண்டு தகட்டைப் பிடிக்கும். நன்றாகக் காய்ந்த தேக்குக்குக் குறைவே போதும். தேவைக்கு மேல் சாய்த்தால் தடம் அகலமாகி மரமும் வீண், கைவலியும் கூடும், கோடும் வளையும். ஒரு பக்கம் கூடுதலாகவும் மறுபக்கம் குறைவாகவும் சாய்ந்திருந்தால் ரம்பம் எப்போதும் ஒரே பக்கமாக இழுக்கும். புது ஆள் தன் கை சரியில்லை என்று நினைத்துக்கொள்வான், குற்றம் பல்லில் இருக்கும்.

வட்டில் இருக்கும் 4 முதல் 12 வரையான எண்கள் எதைக் குறிக்கின்றன?

ரம்பத்தில் ஒரு அங்குலத்துக்கு எத்தனை பல் முனை என்ற கணக்கு. இழையோடு நீளவாக்கில் கிழிக்கும் ரம்பத்துக்குப் பல் பெரிது, எண் சிறிது. குறுக்கே அறுப்பதற்குப் பல் பொடி, எண் பெரிது. வட்டின் விளிம்பில் ஒரு சரிவு செதுக்கியிருக்கிறது. அந்தச் சரிவின் அகலம் சுற்றிலும் ஒன்றுபோல் இல்லை. சிறிய எண் இருக்கும் இடத்தில் அகலம், பெரிய எண்ணுக்குப் போகப் போகக் குறுகல். வட்டைத் திருப்பும்போது பல் எந்த உயரத்தில் வளைய வேண்டும் என்பதைத்தான் மாற்றுகிறோம். பல் அடியோடு வளையக் கூடாது, அதன் மேல் பாதிதான் வளைய வேண்டும்.

அனுபவத்தில் ஒன்று: வட்டில் போட்டிருக்கும் எண்ணை அப்படியே வைத்தால் சாய்வு கொஞ்சம் அதிகமாகவே விழுகிறது. காய்ந்த மரம் என்றால் அடுத்த பெரிய எண்ணில் தொடங்குவேன். போதாவிட்டால் பிறகு கூட்டிக்கொள்ளலாம்.

இதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

முதலில் தெருமுனை சைக்கிள் கடைக்குக் கொண்டுபோனேன். செயின் பின் தள்ளுகிற சாமான் என்றார். செருப்புத் தைக்கும் அண்ணன் பெல்ட்டில் ஓட்டை போடுவது என்றார், போட்டுப் பார்த்தோம், ஓட்டை விழவில்லை. என் மாமா பஸ் கண்டக்டராக இருந்தவர், டிக்கெட் பஞ்ச் என்று உறுதியாகச் சொன்னார். ஒவ்வொருவரும் தங்கள் தொழிலில் இருந்தே பார்த்தார்கள். அதில் தப்பில்லை, எல்லோரும் அப்படித்தான் பார்ப்போம்.

கடைசியில் ஒரு மரவாடியில் ஓரமாக உட்கார்ந்திருந்த வயதான ஆசாரியிடம் காட்டினேன். அவர் எதுவும் கேட்கவில்லை. கையில் வாங்கி, கைப்பிடியை இரண்டு தடவை அழுத்தினார். கட்டைவிரல் நகத்தை அந்த இடைவெளிக்குள் விட்டுப் பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து, "ரம்பம் எங்க தம்பி?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "இதோட ரம்பம் இருந்திருக்கணுமே. உங்க தாத்தா வச்சிருந்தாரா, வெறும் இதை மட்டும் வச்சிருந்தாரா?" என்று திரும்பக் கேட்டார். பிறகு பக்கத்தில் கிடந்த தன் பழைய ரம்பத்தை எடுத்துத் தொடையில் சாய்த்து, ஒரு பல்லின் மேல் அந்த இடைவெளியைப் பொருத்தி அழுத்தினார். 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். ஒரு பல் விட்டு அடுத்தது, இன்னொரு டக். சின்ன வயதில் தாத்தா திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது அந்தச் சத்தத்தை நான் கேட்டிருக்கிறேன். அது எதன் சத்தம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இவ்வளவு தேவையான கருவி என்றால் இப்போது ஏன் யாருக்கும் தெரியவில்லை?

இரண்டு காரணம். ஒன்று, இன்று கடையில் வாங்கும் கைரம்பங்களில் பெரும்பாலானவை பல்முனை மட்டும் மின்சாரத்தால் சூடேற்றிக் கடினமாக்கப்பட்டவை. பல் நுனியில் நீலமும் கறுப்புமாக ஒரு நிறம் ஓடியிருக்கும், அதுதான் அடையாளம். ரொம்ப நாள் கூர் மழுங்காது. ஆனால் மழுங்கினால் அரம் அதில் பிடிக்காது, வளைத்தால் பல் உடையும். தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்க வேண்டியதுதான். இரண்டாவது, மின்சார வட்ட ரம்பம். அதன் பற்களில் கார்பைடு துண்டுகளைப் பற்றவைத்திருக்கிறார்கள். துண்டு தகட்டைவிட அகலமாகவே இருப்பதால் சாய்க்கிற வேலையே இல்லை.

ரம்பத்தைக் கூர்தீட்டி ஆயுள் முழுக்க வைத்துக்கொண்ட காலம் போனதும், அதற்கான கருவியும் பரணுக்குப் போய்விட்டது. எனக்கு இதில் வருத்தம் உண்டு. தாத்தா தலைமுறையில் ஒரு ரம்பத்தைத் தீட்டித் தீட்டித் தகடு பாதி அகலமாகும் வரை வைத்திருந்தார்கள்.

இந்த இடுக்கி வடிவம் வருவதற்கு முன்னால் பல்லை எப்படிச் சாய்த்தார்கள்?

சாய்க்கிற யோசனை மிகப் பழையது. கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்த ரோமானிய அறிஞர் பிளினி, பச்சை மரத்தை அறுக்கும்போது தூள் பல்லில் அடைத்துக்கொள்வதையும், அதற்காகப் பற்களை மாற்றி மாற்றிச் சாய்ப்பதையும் எழுதி வைத்திருக்கிறார்.

கருவி என்று பார்த்தால், விளிம்பில் பல அளவுகளில் வெட்டு விட்ட ஒரு இரும்புப் பட்டைதான் எளிமையானது. பல்லை வெட்டுக்குள் நுழைத்து முறுக்க வேண்டும். சாவி மாதிரி இருப்பதால் இதையும் பலர் ஏதோ பூட்டின் சாவி என்று நினைத்துவிடுகிறார்கள். இன்னொரு முறை, பல்லை ஒரு சரிவான இரும்பின் மேல் வைத்து, மழுங்கிய உளி போன்ற ஒன்றை அதன் மேல் வைத்துச் சுத்தியலால் தட்டுவது. இரண்டிலும் எல்லாப் பல்லும் ஒரே அளவு சாய்வது ஆளின் கையைப் பொறுத்தது. கைப்பிடி அழுத்தும் வகையில் அந்த அளவு கருவிக்குள்ளேயே இருக்கிறது.

என்னிடம் இருப்பதும் இதே மாதிரிதான், ஆனால் வட்டில் எண் இல்லை. வேறு என்னவாக இருக்கலாம்?

அந்தத் தலையை மட்டும் உற்றுப் பாருங்கள். சுழலும் தலையில் வேறு வேறு அளவில் குழாய் முனைகள் இருந்தால் தோலில் ஓட்டை போடுவது. இரண்டு தாடையிலும் எழுத்தோ சின்னமோ குழிவாக, தலைகீழாகச் செதுக்கியிருந்தால் ஈய முத்திரை அழுத்துவது. மின்சார மீட்டரிலும் சரக்குப் பெட்டியிலும் கம்பியைக் கோத்து ஈயக் குண்டை நசுக்குவார்களே, அது. ஒரு தாடையில் ஆணி, மறுதாடையில் அதே வடிவ ஓட்டை, நடுவில் காகிதம் நுழையும் அளவு மெல்லிய இடைவெளி என்றால் டிக்கெட் பஞ்ச். தண்டு தட்டையாக முடிந்து, எதிரே சரிவான விளிம்பு இருந்தால் மட்டும் ரம்பத்துக்கானது.

பெயரே தெரியாத ஒரு கருவியை எங்கிருந்து ஆராயத் தொடங்குவது?

தேய்மானத்திலிருந்து. வடிவத்தைப் பார்த்து ஊகித்தால் நம் ஊகம்தான் கிடைக்கும். தேய்மானம் அந்தக் கருவி பட்டதைச் சொல்லும். எங்கே பளபளப்பாக இருக்கிறதோ அங்கே கை பட்டிருக்கிறது, அல்லது வேலைப்பொருள் உரசியிருக்கிறது. எங்கே விளிம்பு மழுங்கியிருக்கிறதோ அங்கே அடி விழுந்திருக்கிறது. தாத்தாவின் கருவியில் வட்டின் 7, 8 எண்களுக்கு நேரே மட்டும் சரிவில் பொடிப்பொடியாகத் தழும்புகள். 4, 5 பக்கம் புதிது மாதிரி இருந்தது. அதாவது அவர் பெரும்பாலும் குறுக்கே அறுக்கும் ரம்பத்துக்குத்தான் இதை எடுத்திருக்கிறார். மரத்தைக் கிழிக்கிற வேலை மரவாடியிலேயே முடிந்து பலகையாக வந்திருக்கும்.

அடுத்து, எது அசைகிறது, எவ்வளவு தூரம் அசைகிறது என்று பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் மட்டும் நகரும் பாகத்துக்காக அவ்வளவு பெரிய கைப்பிடி வைத்திருந்தால், குறைந்த தூரம், அதிக விசை. உலோகத்தை வளைப்பதோ நசுக்குவதோ வேலையாக இருக்கும். ஏதாவது ஒரு இடத்தில் அளவை மாற்ற வசதி வைத்திருந்தால், வேலைப்பொருள் பல அளவுகளில் வரும் என்று பொருள். பிசிறு, கறை, வாசனை எல்லாமே சாட்சி. தோல், மெழுகு, ஈயம் ஒவ்வொன்றும் தன் தடயத்தை விட்டுவிட்டுப் போகும்.

அப்புறம், அது எந்தச் சாமான்களோடு கிடந்தது என்பதை எழுதி வையுங்கள். பெட்டியைக் கலைத்துப் பங்கு போட்டுவிட்டால் பாதித் தகவல் போய்விடும். நாங்கள் அந்தத் தப்பைச் செய்தோம்.

மேலே இருக்கும் எழுத்தையும் எண்ணையும் வைத்துக் காலம் சொல்ல முடியுமா?

ஓரளவு முடியும். நாட்டின் பெயர் முதல் தடயம். அமெரிக்காவுக்குள் வரும் இறக்குமதிப் பொருளில் தயாரித்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அந்த நாட்டுச் சட்டம் 1891 முதல் கட்டாயமாக்கியது. அதனால் நாட்டின் பெயர் பொறித்த பொருள் பெரும்பாலும் அதற்குப் பிந்தையது. மேற்கு ஜெர்மனி என்று இருந்தால் 1949க்கும் 1990க்கும் நடுவில்.

காப்புரிமை எண் இருந்தால் இன்னும் நல்லது. பிரிட்டனில் 1916க்கு முன்பு ஒவ்வொரு வருடமும் எண் புதிதாக 1இலிருந்து தொடங்கியது, அதனால் வருடத்தையும் சேர்த்துப் போட்டார்கள். 1916இல் 1,00,001இல் தொடங்கித் தொடர் எண்ணாக்கினார்கள். ஆறு இலக்க பிரிட்டிஷ் எண்ணைப் பார்த்தால் 1916க்குப் பிறகு என்று வைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் இப்போதைய தொடர் 1836இல் தொடங்கி, 1911இல் பத்து லட்சத்தைத் தொட்டது. காப்புரிமை எண் யோசனை பதிவான காலத்தைத்தான் சொல்லும், உங்கள் கையில் இருக்கும் பிரதி பல வருடம் கழித்துச் செய்ததாக இருக்கலாம்.

மூன்று கோடுகள் ஒரு முனையில் கூடும் அகன்ற அம்புக்குறி இருந்தால் அது பிரிட்டிஷ் அரசின் சொத்தாக இருந்தது, பெரும்பாலும் ராணுவம். ஐ.எஸ்.ஐ. முத்திரை என்றால் சுதந்திரத்துக்குப் பிறகு நம் நாட்டுத் தரக்கட்டுப்பாட்டுக்கு உட்பட்டுச் செய்தது.

எழுத்து தேய்ந்து தெரியவில்லை என்றால் சாக்பீஸைத் தடவி, மேலாகத் துணியால் துடையுங்கள். பள்ளத்தில் வெள்ளை தங்கும். அல்லது இருட்டறையில் டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடியுங்கள். நான் 77ஐ அப்படித்தான் படித்தேன்.

துருவைச் சுரண்டிவிடலாமா?

தயவுசெய்து, அடையாளம் தெரியும் வரை வேண்டாம். கிரைண்டரும் உப்புத்தாளும் ஆசிடும் துருவோடு எழுத்தையும் தேய்மானத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விடும். மண்ணெண்ணெயில் ஒரு இரவு ஊற வைத்துப் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்தாலே பெரும்பாலும் போதும். காய்ந்ததும் தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு. அசையாத பாகத்தை வலுவில் திருக்காதீர்கள், எண்ணெய் விட்டு நாள் கணக்கில் காத்திருங்கள்.

நட்டைக் கழற்ற எந்த ஸ்பேனரும் பொருந்தவில்லையே?

பழைய இங்கிலாந்துச் சாமானாக இருந்தால் விட்வொர்த் மரையாக இருக்கலாம். ஜோசப் விட்வொர்த் 1841இல் வகுத்த அளவு அது, மரையின் கோணம் 55 பாகை. இப்போதைய மெட்ரிக் மரைக்கு 60 பாகை. விட்வொர்த் ஸ்பேனரில் போட்டிருக்கும் எண் ஸ்பேனர் வாயின் அகலம் அல்ல, போல்ட்டின் தடிப்பு. அரை அங்குலம் என்று எழுதியிருக்கும், வாயை அளந்தால் 23 மில்லிமீட்டருக்கு மேல் வரும். கிட்டத்தட்டப் பொருந்துகிற மெட்ரிக் ஸ்பேனரைப் போட்டு நட்டின் மூலைகளை உருட்டிவிடாதீர்கள்.

நல்ல விலை போகுமா?

இந்த வகை நிறையச் செய்து விற்றது, அதனால் பெரிய தொகை எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடாதீர்கள். கைரம்பத்தைத் தானே தீட்டிக்கொள்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களுக்கு இது தேவை.

இன்றைக்கும் இதை வைத்து வேலை செய்ய முடியுமா?

தாராளமாக. நான் செய்கிறேன். கடினமாக்கப்படாத பல் உள்ள ரம்பம் வேண்டும், அரம் பட்டால் பிடிக்க வேண்டும். ரம்பத்தை இரண்டு கட்டைக்கு நடுவில் வைத்து, பல் மேலே இருக்கும்படி வைஸில் பிடியுங்கள். பட்டை அரத்தை நீளவாக்கில் ஓட்டி எல்லாப் பல்லையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகு வட்டை எண்ணுக்குத் திருப்பித் திருகை இறுக்குங்கள். உங்களுக்கு எதிர்ப்பக்கமாகச் சாயும் பற்களை மட்டும், ஒன்று விட்டு ஒன்றாக, முனை முதல் பிடி வரை அழுத்திக்கொண்டே வாருங்கள். ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே அழுத்தம். அடுத்து ரம்பத்தைத் திருப்பி மீதிப் பற்கள். முன்பு எந்தப் பக்கம் சாய்ந்திருந்ததோ அதே பக்கம்தான் சாய்க்க வேண்டும், எதிர்ப்பக்கம் வளைத்தால் ஒடிந்துவிடும். கடைசியாக முக்கோண அரத்தால் கூர் ஏற்றுவது.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க அந்த மரவாடி ஆசாரி ஒரு வழி காட்டினார். பொடிப் பல் ரம்பத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பல்லின் மேலாகப் பார்த்தால், இடது வரிசைக்கும் வலது வரிசைக்கும் நடுவில் ஒரு மெல்லிய வாய்க்கால் தெரியும். அதில் ஒரு தையல் ஊசியைப் படுக்க வைத்து ரம்பத்தை மெதுவாகச் சாய்க்க வேண்டும். நான் செய்த முதல் ரம்பத்தில் ஊசி மூன்று அங்குலம் ஓடிக் கீழே விழுந்தது. விழுந்த இடத்தில் ஒரு பல் மட்டும் நேராகவே நின்றிருந்தது. அதை ஒருமுறை அழுத்திவிட்டுத் திரும்ப வைத்தபோது, ஊசி பிடியிலிருந்து முனை வரை வழுக்கிக்கொண்டே போனது.